முகம் போட்ட பை

பையைப் பாக்கறீங்க, அப்பறம் என்ற மூஞ்சியைப் பாக்கறீங்க, மறுபடியும் பையைப் பாக்கறீங்க. வாயைத் தொறந்து கேட்டுத்தான் போடுங்களேன் அக்கா! ஆமாங்க, அது நான்தானுங்க. பச்சைப் பட்டு, கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு, பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சுக்கிட்டு, சாட்சாத் நானேதான். கீழ பேரும் போட்டிருக்குது பாருங்க, "சம்பூரணக்கா கூப்பிடறாங்க, குடும்பத்தோட வாங்க!" ஈரோட்டுல மணிக்கூண்டுப் பக்கம் வஞ்சிக்கொடி சில்க்ஸ் தெரியுமுங்களா? அங்க பட்டு செக்சனுக்கு நான்தான் சூப்பர்வைசர்.

சித்தெ தள்ளிக்கங்க, பையை மடியில வெச்சுக்கறேன். கீழ வெச்சா மிதிச்சுப்போடுவாங்க. உள்ள இருக்கறது கல்யாணச் சீலைங்க. என்ற அண்ணன் பொண்ணு மோகனாவுக்கு. நாளைக்குக் காலைல சிவகிரியில முகூர்த்தம். நான் இன்னிக்கே போறேன். அத்தைக்காரி நாளைக்கு நேராப் போயிப் பந்தியில உக்காந்தா ஊரு என்ன பேசும்?

நீங்க எதுவரைக்குமுங்க? வெள்ளகோயிலா? அப்ப நான் எறங்கின பொறகு காலை நீட்டி உக்காந்துக்கலாம். உங்க பை என்னங்க இது, வெறும் வெள்ளைத் துணி? கொய்யாப்பழமா உள்ள? பேரும் இல்ல, ஊரும் இல்ல. இந்தக் காலத்துல பேரு போடாத பையோட யாருங்க போறாங்க! ஈரோடு வந்தா கடைக்கு வாங்க, என்ற பேரைச் சொல்லுங்க, இதே மாதிரி ஒண்ணு தரச் சொல்றேன்.

மொடக்குறிச்சி தாண்டிருச்சுங்களா? இன்னும் இல்லியா? இந்த டிரைவரு என்ன, பொண்ணு அழைப்பு ஊர்வலம் போறாப்ல ஓட்டறாரு.

இந்தா, அடிக்குது பாருங்க. எடுத்துப் பாக்காமயே தெரியும் யாருன்னு. விஷ்ணு தம்பி. எங்க சின்ன மொதலாளி. அடிக்கட்டும், எடுக்க மாட்டேன். எடுக்கலாமுங்களா? வேண்டாம், அடிச்சு ஓயட்டும். இந்தப் போனே இப்ப என்ற கையில இருக்கக் கூடாது, தெரியுமுங்களா? "சம்பூரணம், கல்யாணத்துக்கு வா. போனை மட்டும் கொண்டு வராத. பாப்பா மோகனா சொல்லச் சொன்னா." எங்க நங்கை, அதான் அண்ணன் பொண்டாட்டி, போன வாரம் கூப்பிட்டுச் சொல்லுது. ஒரே மூச்சுல சொல்லிப்போட்டு வெச்சுருச்சு. எப்படி இருக்குது நாயம்? போனு இல்லாம வரோணுமாம்! நான் என்ன, திருடியா? வாசல்ல நிறுத்திச் சோதனை போடுவாங்களாட்ட இருக்குது.

போயே தீரோணுமுங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். எனக்குப் புள்ளை இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுலயே போயிட்டாரு. மோகனா பொறந்தப்ப நங்கைக்கு உடம்பு சரியில்லாம, ஆறு மாசம் என்ற மாரு மேல போட்டு வளத்துனேன். அவ கல்யாணத்துக்கு நான் இல்லீன்னா நான் எதுக்கு உசுரோட இருக்கறேன்? ஆனா போன ஆடியில இருந்து அவ என்ற கூடப் பேசறதில்லைங்க. ஒரு வார்த்தை இல்ல. எல்லாம் சனியம் புடிச்ச போனாலதான். நான் ஒண்ணும் பண்ணல. நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

எங்க விஷ்ணு தம்பி கோயமுத்தூர்ல பெரிய படிப்புப் படிச்சுப்போட்டு வந்துச்சு. வந்த ஒடனே எங்க எல்லாரையும் மொட்டை மாடிக்கு வரச் சொல்லி, காப்பியும் வடையும் குடுத்து, மைக்கைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "இனிமே நம்ம விளம்பரத்துக்கு நடிகை வேண்டாம். நீங்கதான் கடையோட முகம். நீங்க ஒவ்வொருத்தரும் நம்ம கடையோட தூதர்." தூதர்னு சொல்லுச்சுங்க. எங்களை! காலைல வந்தா சீருடை மாத்திக்கிட்டு நாள் முச்சூடும் கால் கடுக்க நிக்கறவங்களை! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

வேலை என்னன்னா, தெனம் காலைல கடை க்ரூப்புல ஒரு படமோ வீடியோவோ வரும். அதை அவங்கவங்க சொந்தப் போனுல ஸ்டேட்டஸ் வெக்கோணும். கடை தொறந்து சாமி படத்துக்குச் சூடம் காட்டறதுக்கு முன்னால, எல்லாரும் போனைக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கோணும். நான் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வருவேன், வெச்சாச்சா, வெச்சாச்சான்னு. அப்பறந்தான் சூடம். எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு சாயங்காலம் காட்டோணும். வாரத்துல யாரோடதை நெறையப் பேரு பாத்தாங்களோ அவங்களுக்குப் பரிசு. மூஞ்சி காட்டி வீடியோவுல பேசறவங்களுக்குப் பெரிய பரிசு.

மொதல்ல ஒருத்தியும் வரலைங்க. சுடிதார் செக்சன்ல பூர்ணிமான்னு ஒரு புள்ள, "எங்க வீட்டுக்காரரு திட்டறாருங்கக்கா, என்ற போனுல சித்தப்பன் பெரியப்பன் அத்தனை பேரும் இருக்காங்க, இது என்ற சொந்தப் போனுங்கக்கா"ன்னு அழுகுது. நான் விடுவேனா? "ஏம்புள்ள, சம்பளம் வாங்கறப்ப மட்டும் கடை உன்றது, ஸ்டேட்டஸ் வெக்கறப்ப உன்றதில்லையா?"ன்னு கேட்டேன். சரியாத்தானுங்க கேட்டேன்? அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெச்சா. அப்பறம் பழகிப் போச்சு.

யாரும் மூஞ்சி காட்ட மாட்டேங்கறாங்களேன்னு நான் போயி நின்னேன். பச்சைப் பட்டைக் குடுத்துக் கட்டிக்கச் சொல்லுச்சு தம்பி. பட்டுக் கட்டி எத்தனை வருசமாச்சு! பூ மட்டும் வேண்டாம்னுட்டேன். கேமராவைப் பாத்து, "அட, வாங்க சாமி! குடும்பத்தோட வாங்க! எடுக்காட்டிப் போகுது, தொட்டுத்தான் பாருங்களேன்!"னு சிரிச்சேன். தெனம் கடையில சொல்றதுதானுங்க. அதுக்குப் போயி ஊரே சிரிச்சு, ஊரே பாத்து, "அந்தத் தொட்டுப் பாருங்க அக்கா எங்க?"ன்னு கேட்டுக்கிட்டுக் கூட்டம் வருது. கோபியில இருந்து வராங்க, பெருந்துறையில இருந்து வராங்க, என்ற பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க.

உங்களுக்குச் சொன்னாப் புரியும். எங்க சனத்துல ஒரு கல்யாணம், ஒரு சீருன்னா என்னைய முன்னால நிக்க விட மாட்டாங்க. பொட்டழிச்சவ. சமையக்கட்டுல காய் நறுக்கலாம், பாத்திரம் எண்ணி வெக்கலாம். வாசல்ல நின்னு "வாங்க"ன்னு ஒருத்தரைக் கூப்பிடக் கூடாது. அப்படிப்பட்டவளை ஒரு கடை வாசல்லயே வெச்சு, ஊரையே கூப்பிடச் சொல்லுது! எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்க சொல்லுங்க.

அன்னிக்கு ரொம்பச் சந்தோசப்பட்டது மோகனாதான். அவ ஸ்கூல் டீச்சருங்க. எனக்கு ஸ்டேட்டஸ் வெக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான். இந்த வெரலைப் புடிச்சு, "இதை அமுக்குங்க அத்தை, அப்பறம் இந்த அம்புக்குறி"ன்னு. தெனம் காலைல நான் வெச்ச ஒடனே மொதல் ஆளாப் பாத்துருவா. ஒரு செவப்பு இதயம் வரும். அதைப் பாத்துப்போட்டுத்தான் நான் பட்டு செக்சனுக்கு மாடி ஏறுவேன். அண்ணங்கூடச் சொல்லுவாரு, "உன்ற அத்தை பெரிய ஆளாயிட்டா, இனிமே அவளைப் பாக்கோணும்னா டிக்கெட் வாங்கோணும்"னு. சென்னியப்பன்னு பேரு. சிவகிரிப் பக்கம் மஞ்சக் காடு. அந்தக் காட்டுலதான் போனாரு.

ஆடி மாசமுங்க. மஞ்ச நட்டுத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தவரு, வரப்புல உக்காந்தாரு. அவ்வளவுதான். மோகனா கல்யாணத்தை ஆவணியில வெச்சிருந்தாரு, பத்திரிகைகூட அடிச்சாச்சு. நான் போயிச் சேர்றப்ப பெஞ்சுல படுக்க வெச்சு, தலைமாட்டுல அவ உக்காந்திருக்கறா. என்னையக் கண்டதும் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, அந்த அழுகையில என்ற தோளு இன்னும் நனைஞ்சே இருக்கறாப்ல இருக்குதுங்க.

இருங்க, மொடக்குறிச்சி வந்துருச்சு. ஏறட்டும். இன்னும் எவ்வளவு நேரமாகும், முக்கா மணி? சன்னலைத் தொறந்து விடுங்களேன், புழுங்குது.

எங்க விட்டேன்? ஆமா. அழுது ஓஞ்சுபோட்டு அவதான் சொன்னா: "அத்தை, அப்பா போட்டோவை நீங்க ஸ்டேட்டஸ் வைங்க. உங்க போனுலதான் ஊரே இருக்குது. எல்லாருக்கும் தகவல் போயிரும்." அவளே என்ற போனை வாங்கி, அண்ணன் வெள்ளைச் சட்டையோட இருக்கற போட்டோவைப் போட்டு, "கண்ணீர் அஞ்சலி, இன்று மாலை நான்கு மணிக்கு"ன்னு எழுதி, வெச்சுக் குடுத்தா. சொந்தக்காரங்க, கடைக்காரங்க, கஸ்டமருங்க, அத்தனை பேரும் அதைப் பாத்துத்தான் வந்தாங்க.

அப்பத்தான் விஷ்ணு தம்பி கூப்பிடுச்சு. "தம்பி, அண்ணன் தவறிட்டாரு"ன்னேன். "ஐயோ அக்கா, மனசைத் தேத்திக்கங்க, லீவைப் பத்தி யோசிக்காதீங்க"ன்னுச்சு. கேக்காமயே லீவு குடுத்துச்சுங்க, அந்த மனசு யாருக்கு வரும்? அப்பறம் மெதுவா, "அக்கா, ஒரு நிமிச வேலை. இன்னிக்கு ஆடித் தள்ளுபடி மொத நாளு. உங்க வீடியோதான் போட்டிருக்கறோம். எல்லாரும் வெச்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி"ன்னுச்சு.

நான் என்னங்க பண்ணட்டும்? ஒரு நாளும் தவறினதில்ல. ஊரு புள்ளைங்களை எல்லாம் வெச்சாச்சா வெச்சாச்சான்னு வெரட்டறவ, நானே வெக்கலீன்னா? மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போயி நின்னு வெச்சேன். கண்ணுல தண்ணி, எழுத்தே தெரியல, கை தானாப் போயி அமுக்குது. ஒரு நிமிச வேலைதானுங்க. முடிச்சுப்போட்டு வந்து மறுபடியும் உக்காந்து அழுதேன்.

எனக்குத் தெரியுமா அது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு தானா ஓடும்னு? நீங்களே சொல்லுங்க. அண்ணன் போட்டோ வருது. அதைப் பாத்து முடிக்கறதுக்குள்ள அதுவாத் தள்ளிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருது. போனோட குத்தமா, என்ற குத்தமா?

மத்தியானம் மேளக்காரங்க டீ குடிக்க எந்திரிச்சுப் போனாங்க. எழவு வீடு சித்தெ அமைதியா இருக்குது. பந்தலுக்குள்ள யாரோ ஒருத்தரு, எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு பாக்கறதுக்கு என்ற ஸ்டேட்டஸைத் தொறந்தாரு. "அட, வாங்க சாமி! குடும்பத்தோட வாங்க!" என்ற கொரலுங்க! எல்லாரும் திரும்பி என்னையப் பாக்கறாங்க. நான் வாயே தொறக்கல, நடு வீட்டுல உக்காந்திருக்கறேன். அவரு பதறிப்போயி அணைச்சாரு. அணைச்சு முடிக்கல, திண்டலுக்காரப் பெரியப்பா ஒருத்தரு, காது கேக்காதவரு, சத்தத்தைப் பூராவும் வெச்சுக்கிட்டு அவரு தொறந்தாரு. "எடுக்காட்டிப் போகுது, தொட்டுத்தான் பாருங்களேன்!" பின்னால ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பும் கேக்குது. எங்கண்ணன் அங்க படுத்திருக்கறாரு அக்கா. அவரு காலு என்ற கையில இருக்குது. வெளிய ஒண்ணு, ரோட்டு மேல ஒண்ணு, சமையக்காரன்கிட்ட ஒண்ணு, வாங்க சாமி, வாங்க சாமின்னு நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கறேன்.

மோகனா தலையைத் தூக்கினா. என்னையப் பாத்தா. நாலு வார்த்தை திட்டியிருந்தா அப்பவே காலுல விழுந்திருப்பேன். வெறுமனே பாத்துப்போட்டு, அப்பன் நெத்தியில ஒட்டியிருந்த காசைச் சரி பண்ணிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அழிக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அழிக்கத் தெரியாதுங்க! வெக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தவ அழிக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கல. அவகிட்டத்தான் கேக்கோணும். அவ அப்பன் தலைமாட்டுல உக்காந்திருக்கறா. அவகிட்டப் போயி நான் எப்படிங்க கேப்பேன், "சாமி, இதை எப்படி அழிக்கறது"ன்னு? போனை ஆஃப் பண்ணினேன். என்ற போனுதான் ஆஃப் ஆச்சு. ஊரு போனெல்லாம் பேசிக்கிட்டேதான் இருந்துச்சு.

அவ்வளவுதானுங்க நடந்தது. இதுல நான் பண்ணின தப்பு என்ன? வேலைன்னு இருந்தா பாக்கத்தானே வேணும்? டாக்டரு எழவு வீட்டுக்குப் போனா ஆஸ்பத்திரியில இருந்து போனு வராதா?

கருமாதி முடிச்சுப்போட்டுக் கடைக்குப் போனேன். விஷ்ணு தம்பி எல்லாரையும் கூப்பிட்டுக் கை தட்டச் சொல்லுச்சு. அந்த வாரம் நான்தான் மொத ஆளு. என்ற ஸ்டேட்டஸை அன்னிக்குப் பாத்தாப்ல ஒருநாளும் யாரும் பாத்ததில்லையாம், கடை சரித்திரத்துலயே. பரிசு இந்தப் போனு. தீவாளிக்கு இந்தப் பையில என்ற மூஞ்சி. அண்ணன் போறப்பவும் எனக்கு ஏதோ குடுத்துப்போட்டுத்தான் போயிருக்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க? தப்பாச் சொல்லிப்போட்டேனா?

எழுமாத்தூரா இது? ஐயோ, வந்துருச்சே. இனி வெசையாப் போயிரும்.

அதுக்கப்பறமும் ஒரு நாள் விடாம வெக்கறேனுங்க. வெச்ச ஒடனே யாரு யாரு பாத்தாங்கன்னு பேரு வருமில்ல, அதைப் பாப்பேன். கடையில நெனச்சுக்கறாங்க, சம்பூரணக்காவுக்கு எத்தனை பேரு பாத்தாங்கங்கற வெறின்னு. எண்ணிக்கையை எவ பாத்தா? நான் மோகனா பேரைத் தேடுவேன். காலைல பாப்பேன், சாப்பிடறப்ப பாப்பேன், கஸ்டமருக்குச் சீலையை விரிச்சுப் போட்டுப்போட்டு அவங்க யோசிக்கற நேரத்துல பாப்பேன். பால்காரன் பேரு இருக்கும், பேங்க் வாட்ச்மேன் பேரு இருக்கும், ஒருவாட்டி ஜாக்கெட் துணி எடுத்துப்போட்டுப் போன பொம்பளை பேரு இருக்கும். அவ பேரு இருக்காது. என்ற ஸ்டேட்டஸ் வர்றதே அவளுக்குத் தெரியாதபடி எதையோ அமுக்கி வெச்சிருக்கறாளாம், பூர்ணிமா சொன்னா. பொங்கலுக்கு ஒரு சின்னாளப்பட்டு வீடியோ, அதுல நான் எவ்வளவு அழகாச் சிரிச்சிருக்கறேன் தெரியுமுங்களா? அவளுக்காகத்தானுங்க சிரிச்சேன். பாக்கலியே.

இந்தத் தை மாசம், வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சரோணும்னு கல்யாணத்தை வெச்சுட்டாங்க. பத்திரிகை யாரு கையிலயோ குடுத்து விட்டாங்க. அப்பறம் நங்கை போனு, அதான் சொன்னேனே, போனைக் கொண்டு வராதன்னு. நான் விஷ்ணு தம்பிகிட்ட லீவு கேட்டேன். கல்யாண சீசனுங்க, ஒரு நாளு குடுக்க மாட்டாங்க. தம்பி ஒடனே குடுத்துருச்சு. "போயிட்டு வாங்கக்கா. ஒண்ணே ஒண்ணு. நம்ம சீலையைப் பொண்ணு கட்டிக்கிட்டு நிக்கறாப்ல, நீங்க பக்கத்துல நிக்கறாப்ல ஒரு வீடியோ. 'எங்க வீட்டுக் கல்யாணம், எங்க கடைப் பட்டு'ன்னு சொல்லுங்க போதும்"னுச்சு. சரின்னுட்டேன். சரிங்கலீன்னா லீவு?

அதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனைக் கையில வெச்சுக்கிட்டே வந்துட்டேன். வீட்டுல வெச்சுப்போட்டு வரலாம்னு பூட்டைப் போட்டேன், மறுபடியும் தொறந்தேன், எடுத்தேன், வெச்சேன், எடுத்தேன். பக்கத்து வீட்டம்மா, "என்ன சம்பூரணம், சாவி மாட்டிக்கிச்சா?"ன்னு கேக்குது. ஆஃப் பண்ணிப் பை அடியில சொருகி வெச்சுக்கிட்டா யாருக்குங்க தெரியப்போகுது? அவ சந்தோசமா இருக்கற நேரமாப் பாத்து, "சாமி, ஒரே ஒரு போட்டோ"ன்னு கேட்டா, கல்யாணப் பொண்ணு மாட்டேன்னா சொல்லிருவா? சொல்லுவாளா?

இந்தா, மறுபடியும். இனி எடுக்காம இருக்க முடியாது, இருங்க. ஹலோ, சொல்லுங்க தம்பி. பஸ்ஸுலதான். சிவகிரி வரப் போகுது. சீலை பத்திரமா இருக்குதுங்க. ஆமா, எடுத்துத் தர்றேன். என்னங்க? சத்தமாச் சொல்லுங்க. எதுக்கு முன்னால? அண்ணன் போட்டோவுக்கு முன்னாலயா?

ம். மண்டபத்துல மாலை போட்டு வெச்சிருப்பாங்க. வெச்சிருப்பாங்கதான். மோகனா சீலையை அதுக்கு முன்னால வெச்சுக் கும்புடறாப்லயா. நான் பக்கத்துல நின்னு அழுகோணுமா. செண்டிமெண்டு நல்லா வருமா. போன தடவை அத்தனை பேரு பாத்தாங்கல்ல, அதே மாதிரி இந்தத் தடவையும் பாப்பாங்களா.

தம்பி. தம்பி, சரியாக் கேக்கலைங்க. சார்ஜு இல்ல. ஆமா, சார்ஜு இல்லீங்க தம்பி, கட்டாகுது. வெச்சர்றேன்.

சார்ஜெல்லாம் நெறைய இருக்குதுங்க. காலைலதான் போட்டேன்.

ஒண்ணுமில்லக்கா. தண்ணி இருந்தாக் குடுங்க. ஒரு மடக்குப் போதும். அந்தத் தம்பி நல்ல தம்பிதானுங்க, சின்ன வயசு, அதுக்கு அப்பன் அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அதுக்கு என்ன தெரியும்?

கண்டக்டர் தம்பி! இங்க வா சாமி. நீ நம்ம கடைக்கு வர்றவன்தான? தீவாளிக்கு உன்ற தங்கச்சிக்குப் பாவாடைத் துணி எடுத்துக் குடுத்தேன், ஞாபகம் இருக்குதா? சாயங்காலம் ஈரோடு திரும்பறீல்ல? இந்தப் போனைக் கொண்டு போயி வஞ்சிக்கொடி சில்க்ஸ்ல, கல்லாவுல குடுத்துரு. விஷ்ணுன்னு சொல்லு. என்ன சொல்றதா? சார்ஜு இல்ல, சம்பூரணக்கா குடுத்து விட்டாங்கன்னு சொல்லு. இல்ல, அடிச்சா நீ எடுக்காத. யாரு அடிச்சாலும் எடுக்காத. அடிச்சு ஓயட்டும்.

விட்டாச்சு அக்கா! பாத்தீங்கல்ல, போனு இல்ல. கையி லேசா இருக்குது. என்னமோ மறந்துட்டு வந்தாப்ல இருக்குது, ஆனா லேசா இருக்குது. இப்ப நங்கை முன்னால போயி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவேன். "சொன்னாப்ல வந்துட்டேன், பாருங்க"ம்பேன். மோகனா ஏதாச்சும் சொல்லட்டும். ஒண்ணும் சொல்லாட்டிச் சமையக்கட்டுல போயி உக்காந்து காய் நறுக்கறேன். அவளுக்குத் தாலி கட்டறப்ப, பின்னால தூணுக்கிட்ட நின்னு பாத்தாப் போதும்.

அந்தா ஆர்ச்சு தெரியுதுங்க, சிவகிரி. எந்திரிக்கறேன். அந்தக் கம்பியைப் புடிச்சுக்கறேன், பையை மட்டும் எடுத்துக் குடுங்க.

என்னக்கா, மறுபடியும் பையையே பாக்கறீங்க?

இது அந்த வீடியோவுல இருந்து எடுத்த போட்டோதானுங்க. பச்சைச் சீலை. கை கூப்பிக்கிட்டு. "குடும்பத்தோட வாங்க." அன்னிக்கு அண்ணன் போட்டோவுக்குப் பின்னால வந்தது இதேதான். இதைத் தூக்கிக்கிட்டா நான் மண்டபத்துக்குள்ள போகப் பாத்தேன்? காலைல இருந்து மடியில வெச்சிருக்கறேன். ஈரோட்டுல இருந்து வர்றேன். எனக்குத் தோணவே இல்லியே அக்கா!

தம்பி, ஒரு நிமிசம் நிறுத்திக்க, எறங்கறேன், எறங்கறேன்! அக்கா, உங்க துணிப்பையைக் குடுங்க. கோவிச்சுக்காதீங்க. கொய்யாவை எல்லாம் இதுல கொட்டிக்கங்க. அடிபடாது, கொட்டுங்க. சீலையை அதுல வெச்சுக்கறேன். பேரு போடாத பைன்னு உங்களைக் கேலி பண்ணினேன், மனசுல வெச்சுக்காதீங்க. இது நல்ல பைதானுங்க. பத்துக் கிலோ அரிசி தாங்கும், நனைஞ்சாலும் சாயம் போகாது. வெள்ளகோயிலுக்குக் கொண்டு போயி நீங்களே வெச்சுக்கங்க. அந்த மூஞ்சி மட்டும் வெளிய தெரியாம, உள்பக்கமா மடிச்சு வெச்சுக்கங்க அக்கா. வர்றேனுங்க.